கடைக்கு மேல் வீடு: கவுன்சில் டாக்ஸ் யார் கட்டுவது?

கேள்வி: நானும் மனைவியும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில் 14 மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே கடை நடத்துபவர்தான் வீட்டுக்காரர், நம் தமிழ் ஆள். மாதம் 1,350 பவுண்டு, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கம் என்று சொல்லித்தான் கொடுத்தார். அக்ரிமென்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. போன வாரம் கவுன்சிலிலிருந்து எங்கள் இருவர் பெயரிலும் 1,580 பவுண்டுக்கு பில் வந்திருக்கிறது. குடிவந்த நாளிலிருந்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவரிடம் காட்டினால், "நான்தான் கடைக்கு பிசினஸ் ரேட்ஸ் கட்டுறேனே தம்பி, மேல் வீடும் அதுலயே வந்துடும். அந்த லெட்டரைத் தூக்கிப் போடு" என்கிறார். நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறேன். மனைவி என் டிபென்டன்ட் விசாவில் வந்து இங்கே முழுநேர எம்.எஸ்ஸி. படிக்கிறார். நாங்கள் கட்ட வேண்டுமா? சலுகை ஏதாவது கேட்கலாம் என்றால், விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவி பெறக் கூடாது) என்று போட்டிருக்கிறது. அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: லெட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பில் உங்கள் பெயரில் வந்தது சரிதான். ஆனால் தொகை சரியில்லை, அது குறையும். குறைந்தது போக மீதியை நீங்கள் கவுன்சிலுக்குக் கட்டிவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கலாம். கவுன்சிலோடு உங்களுக்கு இருக்கும் கணக்கு வேறு, வீட்டுக்காரரோடு இருக்கும் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பிசினஸ் ரேட்ஸ் கதையைப் பார்த்துவிடலாம். கடைக்கு விதிப்பது பிசினஸ் ரேட்ஸ், ஆள் குடியிருக்கும் இடத்துக்கு விதிப்பது கவுன்சில் டாக்ஸ். ஒன்றைக் கட்டினால் மற்றது தீர்ந்துவிடாது. உங்கள் ஃப்ளாட்டுக்குத் தனி வாசல், தனிச் சமையலறை, குளியலறை இருந்தால் பேச்சே இல்லை, அது தனி வீடு. கடைக்குள் நுழைந்துதான் மாடிப்படி ஏற வேண்டும், கடையும் வீடும் ஒரே கட்டடமாகப் புழங்குகிறது என்றால்கூட, கடைப் பகுதிக்கு ரேட்ஸ், குடியிருக்கும் பகுதிக்குக் கவுன்சில் டாக்ஸ் என்று பிரித்துத்தான் போடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்கு அதன் ரேட்டபிள் வேல்யூ (ரேட்ஸ் கணக்கிட வைக்கும் மதிப்பு) 12,000 பவுண்டுக்குள் இருந்தால், இங்கிலாந்தில் ஸ்மால் பிசினஸ் ரேட் ரிலீஃப் கேட்டு வாங்கி ஒரு பென்னிகூட ரேட்ஸ் கட்டாமல் இருக்கலாம். அதனால் ‘நான் ரேட்ஸ் கட்டுறேன்’ என்ற பேச்சை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதை நீங்களே ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அரசாங்க இணையதளத்தில் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் (வரிப் பிரிவு) பார்க்கும் பக்கத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போடுங்கள். கடைக்கு மேல் வீடுகள் அந்தப் பட்டியலில் கொஞ்சம் விசித்திரமான பெயர்களில் இருக்கும். உங்கள் கதவில் ‘212ஏ’ என்று இருந்தால், அங்கே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஃப்ளாட், 212’ என்றோ ‘ஃப்ளாட் ஓவர் 212’ என்றோ இருக்கலாம். பில்லில் இருக்கும் முகவரியும் பேண்டும் உங்கள் ஃப்ளாட்டுக்கு உரியவைதானா என்று பாருங்கள். பின்பக்கத்து ஃப்ளாட்டின் பில் முன்பக்கத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. பேண்ட் என்பது 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துப் போட்டது. 40,000 பவுண்டு வரை ‘ஏ’, 52,000 வரை ‘பி’, 68,000 வரை ‘சி’ என்று போகும். இன்றைய விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, வீட்டுக்காரர் இருக்கும்போது பில் ஏன் உங்களுக்கு வருகிறது? கவுன்சில் டாக்ஸ் 1993 ஏப்ரலில் வந்தது, அதற்கான சட்டம் 1992-இல் போட்டது. ஒரு வீட்டுக்கு யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் ஒரு வரிசை போட்டிருக்கிறது. அங்கேயே குடியிருக்கும் சொந்தக்காரர் முதலில் வருவார். அப்படி யாரும் இல்லையென்றால் அங்கே குடியிருக்கும் லீஸ்காரர், அப்புறம் குடியிருக்கும் வாடகைதாரர், அப்புறம் வாடகைதாரர் என்ற உரிமைகூட இல்லாமல் அனுமதியின்பேரில் தங்கியிருப்பவர், இப்படி இறங்கும். யாருமே குடியிருக்கவில்லை என்றால்தான் கடைசியாக உரிமையாளர். உங்கள் வீட்டுக்காரர் மேலே குடியிருக்கவில்லை, நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் பில் உங்களுக்கு. கவுன்சில் உங்கள் அக்ரிமென்டைப் பார்ப்பது எந்த நாளிலிருந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். ‘டாக்ஸ் வாடகைக்குள்’ என்ற வரியைக் காட்டினால், அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வது முறைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடைக்கு மேல் வீடுகளில் அது அடிக்கடி பொருந்தும் என்பதால் மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரே ஃப்ளாட்டில் ஒவ்வொரு ரூமையும் தனித்தனி ஆளுக்கு, தனித்தனி வாடகைக்கு விட்டு, சமையலறையை எல்லோரும் பொதுவாகப் புழங்கினால், சட்டப்படி டாக்ஸ் உரிமையாளர் தலையில்தான் விழும். அப்படி இருப்பவர்களுக்கு அவர்கள் பெயரில் பில் வந்தால், தங்கள் ரூமுக்கான அக்ரிமென்டை வைத்து உடனே மறுக்க வேண்டும். நீங்களோ முழு ஃப்ளாட்டையும் கணவன் மனைவியாக எடுத்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது உதவாது.

உங்களுக்கு உதவப் போவது உங்கள் மனைவியின் படிப்பு. முழுநேர மாணவர்களைக் கவுன்சில் டாக்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரைக் கழித்தால் வீட்டில் கணக்குக்கு ஒரே ஆள், அதாவது நீங்கள். ஒரே ஆள் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. இது குறைந்தபட்சம், இதைவிடப் பெரிய விலக்கு ஒன்றையும் பின்னால் சொல்கிறேன். படிப்பு தொடங்கிய நாளிலிருந்து முடியும் நாள்வரைதான் இது செல்லும். உங்கள் 14 மாதத்தில் 12 மாதம் படிப்புக் காலம் என்று வைத்துக்கொண்டால், 340 பவுண்டு அளவில் குறையும். யுனிவர்சிட்டியிடம் ‘கவுன்சில் டாக்ஸ் சர்ட்டிஃபிகேட்’ என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள், தினமும் கேட்டுப் பழகியவர்கள். அதில் படிப்பின் தொடக்க, முடிவுத் தேதிகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கூடவே ஒன்று கேளுங்கள். பில்லில் உங்கள் மனைவியின் பெயர் இருக்கக் கூடாது. சாதாரணமாகக் கணவன் மனைவி இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு, யாரிடம் வேண்டுமானாலும் முழுதையும் கேட்கலாம். ஆனால் ஒருவர் மாணவராக இருக்கும் நாட்களுக்கு அவரை அதில் சேர்க்க முடியாது. பணம் நீங்கள்தானே கட்டப்போகிறீர்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் பாக்கி விழுந்து கோர்ட் ஆணை வந்தால் அது அவர் பெயரிலும் வரும்.

விசா பயத்துக்கு வருகிறேன். இந்தத் தள்ளுபடி பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது. வருமானம் குறைவு என்று விண்ணப்பித்து வாங்கும் ‘கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்’, சில கவுன்சில்கள் ‘சப்போர்ட்’ என்று சொல்வது, அதுதான் பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். சில கவுன்சில் இணையதளங்களில் இரண்டுக்கும் பட்டன் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து அழுத்துங்கள். ஆளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, மாணவர் விலக்கு, தனி ஆள் தள்ளுபடி, இவற்றையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய விலக்கு ஒன்று உண்டு என்றேனே, அது இதுதான். ஓர் உதாரணம் பாருங்கள். மனைவி ஸ்டூடன்ட் விசாவில் பிஎச்.டி. படிக்க வந்து, கணவர் அவருடைய டிபென்டன்டாக இருந்தால், கணவர் முழுநேர வேலைக்குப் போனாலும் அவரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாணவரின் கணவர் அல்லது மனைவி பிரிட்டிஷ் குடிமக்களாக இல்லாமல், விசா நிபந்தனையால் வேலை செய்யவோ அரசு உதவி பெறவோ முடியாதவராக இருந்தால் போதும். இரண்டில் ஒன்று தடையாக இருந்தாலே சரி. அவர்கள் இருவர் மட்டுமே அந்த வீட்டில் இருந்தால் டாக்ஸே கிடையாது. கவுன்சில் ஊழியர்களே சிலர் இதைத் தவறவிடுவார்கள். உங்கள் மனைவியும் முழுநேர மாணவர், உங்கள் விசாவிலும் அரசு உதவிக்குத் தடை இருக்கிறது. அதனால் அவருடைய படிப்புக் காலத்துக்கு உங்களையும் இந்த விதியில் சேர்க்கச் சொல்லி, விசா விவரத்தை இணைத்து எழுத்தில் கேளுங்கள்.

இனி வீட்டுக்காரர். அவர் உங்கள் பெயரைக் கவுன்சிலுக்குக் கொடுக்கவே இல்லை என்று தோன்றுகிறது. கெட்ட எண்ணமாக இருக்கலாம், அசட்டையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அக்ரிமென்டில் இருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் பலம். நம் ஊர்க்காரர், வாய்வார்த்தை போதும் என்று அதுகூட இல்லாமல் குடிபோனவர்கள் நிறைய. அவருக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள், நேரில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள். பில்லின் நகல், அக்ரிமென்ட் வரியின் படம், தள்ளுபடிக்குப் பின் மிச்சமாகும் தொகை, அதை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், இவ்வளவு போதும். ‘ஏற்கனவே நான் கட்டிட்டேன்’ என்று சொன்னால் கவுன்சில் டாக்ஸ் அக்கவுன்ட் நம்பரைக் கேளுங்கள். உண்மையாகவே கட்டியிருந்தால் கவுன்சிலில் அது தெரிந்துவிடும்.

வாடகையில் நீங்களாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் மாதாமாதம் கழிக்கலாம், இல்லையென்றால் அது வாடகை பாக்கியாகி உங்களை வெளியேற்ற ஒரு காரணமாகிவிடும். கடைசிவரை மறுத்தால் கவுன்டி கோர்ட்டில் ஸ்மால் க்ளெய்ம் (சிறு தொகை வழக்கு) போடலாம், 10,000 பவுண்டு வரை அந்த வழியில் போகும். அதற்கு முன்னால், நீங்கள் கொடுத்த டெபாசிட்டை அவர் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் போட்டாரா என்று பாருங்கள். போடவில்லையென்றால் டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை அவர் உங்களுக்குத் தர வேண்டி வரலாம். மிரட்டச் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது தெரிந்து பேசுவது வேறு.

கவுன்சிலைக் காத்திருக்க வைக்காதீர்கள், வீட்டுக்காரரோடு சண்டை முடியட்டும் என்று பில்லை ஒதுக்கி வைப்பதுதான் இதில் செய்யக்கூடிய மோசமான காரியம். தவணை தவறினால் ரிமைண்டர் வரும், அதற்கு 7 நாள். அதிலும் கட்டாவிட்டால் தவணை வசதி போய் அந்த வருடத்துக்கான முழுத் தொகையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன், அதன் செலவும் உங்கள் கணக்கில். ஆணை வந்துவிட்டால் சம்பளத்திலேயே பிடிக்கலாம், பாக்கி வசூலிக்கும் பெய்லிஃபையும் அனுப்பலாம். இந்த வாரமே கவுன்சிலுக்கு எழுதி மாணவர் தள்ளுபடி கேட்டு, பழைய பாக்கியைத் தவணையாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நடப்பு வருடத்து டாக்ஸை 10 தவணைக்குப் பதில் 12 தவணையாகக் கட்ட வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு. தள்ளுபடியை மறுத்தாலோ இரண்டு மாதம் பதிலே இல்லாமல் போனாலோ இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் வேல்யுவேஷன் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், அங்கே கட்டணம் கிடையாது. அதுவரை அவர்கள் கேட்ட தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். கூடுதலாகக் கட்டியது திரும்ப வரும் அல்லது அடுத்த பில்லில் கழியும்.