கீபோர்டுல சி, எஃப், ஜி கார்டு மாத்தறப்ப கை தாவுதுங்களா?

ஏனுங்க, தாராபுரத்துல சர்ச்சுல கீபோர்டு வாசிக்கறப்ப சி மேஜர் கார்டுல (மூணு கட்டையை ஒண்ணா அமுக்கறது) இருந்து எஃப், ஜி போறதுக்குள்ள கை தாவி சத்தம் அறுந்துருதுன்னு போட்டிருந்தீங்கல்ல, அது வேகம் பத்தாததால இல்லீங்க, மூணையும் ரூட் பொசிஷன்லயே, அதாவது கார்டோட பேர்ல இருக்கற சுரமே அடியில வர்ற மாதிரியே புடிக்கறீங்க அதான். வலது கைல சி-ஈ-ஜி புடிச்சுட்டு கட்டைவிரலை சி மேலயே வெச்சுக்கிட்டு, நடுவிரலை எஃப்புக்கும் சுண்டுவிரலை ஏ-வுக்கும் நகத்துனா போதும், எஃப் மேஜரோட செகண்ட் இன்வர்ஷன் (அதே மூணு சுரத்தை வரிசை மாத்திப் புடிக்கறது) வந்துரும். திரும்ப சி வந்து, ஜி-க்கு போறப்ப சுண்டுவிரல் அசையவே கூடாது, கட்டைவிரல் பி-க்கும் ஆள்காட்டி விரல் டி-க்கும் எறங்கோணும். எடது கைல அந்தந்த கார்டுக்கு சி, எஃப், ஜி-னு ஒத்தைக் கட்டையா மட்டும் அடிங்க, அதில்லாம இன்வர்ஷன் அந்தரத்துல நிக்கற மாதிரி கேக்கும். சத்தத்தை இழுத்து நிறுத்தற பெடலை இப்போதைக்கு தொடாதீங்க, அது தப்பையெல்லாம் மூடி மறைச்சுரும். தாளம் தட்டற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டுல வெச்சு ஓட்டுங்க.