கட்டணம் ஏறுகிறது, வகுப்பில் ஆசிரியர் இல்லை: ஒரு பேராசிரியரிடம் கேட்டவை

பல வருடங்களாகப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்துகிறேன். துறைத்தலைவராக இருந்திருக்கிறேன், நிதிக்குழுவிலும் கொஞ்ச காலம் இருந்தேன். நிர்வாகம், நிதி, கட்டணம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், வருடா வருடம் கட்டணம் ஏறுகிறது, பாடம் எடுக்க ஆள் குறைகிறார்கள். பணம் எங்கேதான் போகிறது?

கொஞ்சம் ஏறுவதைத் தவிர்க்க முடியாது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் இதை விளக்கினார்கள்: தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே ஆள் அதிகமாக உற்பத்தி செய்வார், ஆனால் நான்கு பேர் வாசிக்கும் இசையை இரண்டு பேரை வைத்துப் பாதி நேரத்தில் முடித்துவிட முடியாது, ஆனாலும் மற்ற தொழில்களில் சம்பளம் ஏறும்போது அவர்களுக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும். பாடம் நடத்துவதும் அப்படித்தான்.

ஆனால் நிர்வாகம் இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் எனக்குக் கோபம். ஹோவர்ட் போவன் என்ற இன்னொருவர் 1980-இல் சொன்னதை யாரும் எடுப்பதில்லை. பல்கலைக்கழகம் திரட்ட முடிந்த அளவு பணத்தைத் திரட்டும், திரட்டியதை எல்லாம் செலவழிக்கும் என்றார். அதாவது, செலவைக் கணக்குப் போட்டுக் கட்டணம் வைப்பதில்லை. எவ்வளவு வாங்க முடியும் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பச் செலவு வளர்கிறது. பாடம் நடத்துவோரின் எண்ணிக்கை அப்படியே நிற்க, புதிய அலுவலகங்களும் இயக்குநர் பதவிகளும் விளம்பரப் பிரிவும் முளைப்பது இதனால்தான்.

கேள்வி: புதுக் கட்டடத்துக்கு மட்டும் பணம் இருக்கிறதே?

இதை நானே நிதிக்குழுவில் கேட்டிருக்கிறேன். கட்டடம் ஒருமுறைச் செலவு; ஆசிரியர் நியமனம் முப்பது வருடச் சம்பளம், அப்புறம் ஓய்வூதியம் என்றார்கள். தவிர, கட்டடத்துக்கென்று வந்த நிதியைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது, நன்கொடையாளரும் பெயர்ப்பலகை வைக்க இடம் கேட்பாரே தவிரக் கணித ஆசிரியருக்குச் சம்பளம் தர முன்வர மாட்டார். இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு என்பது முழு உண்மையும் இல்லை. மின்சாரம், பராமரிப்பு, காவல், துப்புரவு என்று அது நிற்கும்வரை செலவு வைக்கும், அதற்கு எந்த நன்கொடையாளரும் வர மாட்டார். அது பிற கட்டணம் என்ற தலைப்பில் மாணவர் ரசீதில் போய் உட்காரும். இதை யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை, கூட்டக் குறிப்பில் என் கேள்வியும் இல்லை. அடுத்த கூட்டத்தில் சண்டை போட்டுத்தான் அதைச் சேர்க்க வைத்தேன்.

கேள்வி: ஆய்வு நிதி நிறைய வருகிறதே, அதை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கலாமே?

முடியாது தம்பி. எந்த ஆய்வுக்கு வந்ததோ அதற்கு மட்டும்தான். கூடவே வரும் மேற்செலவுத் தொகை ஆய்வகத்தின் மின்சாரத்துக்கும் கணக்கு வேலைக்கும் போய்விடும், பல இடங்களில் அது போதுவதும் இல்லை.

கேள்வி: பேராசிரியர்களாகிய நீங்கள்தானே பல்கலைக்கழகக் குழுக்களில் உறுப்பினர்கள்? ஏன் வாய் திறப்பதில்லை?

கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் 1966-இலேயே பேராசிரியர் சங்கம், ஆட்சிக்குழுக்களின் சங்கம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கையை உருவாக்கின. பாடத்திட்டம், ஆசிரியர் தேர்வு போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்றது அது. அந்த எண்ணம் பல நாடுகளின் பல்கலைக்கழக விதிகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனால் பணத்தைப் பிரிக்கும் கடைசி அதிகாரம் ஆட்சிக்குழுவிடம். கல்விப் பேரவையில் நாங்கள் ஒரு படிப்பைத் தொடங்கலாம் என்று முடிவெடுப்போம், அதற்கு ஆள் போடலாமா என்பதை வேறொரு அறையில் முடிவு செய்வார்கள். வரவுசெலவுத் திட்டம் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலைதான் கைக்கு வரும், தலைப்பிலேயே 'தகவலுக்காக' என்று இருக்கும். ஒரு ராத்திரியில் அதைப் படித்து எதிர்ப்பது எப்படி?

இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சங்கமாகச் சேர்ந்து ஆசிரியரை அமர்த்தி, தாமதமாக வந்தால் அபராதம் போட்டார்கள். அதற்குத் திரும்ப வேண்டாம். ஆனால் பணம் கட்டுகிறவருக்கும் பாடம் நடத்துகிறவருக்கும் பணம் பிரிக்கும் இடத்தில் நாற்காலி இல்லை என்பதுதான் நோயின் வேர் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குக் கல்விக் கடன் வாங்கலாமா, சார்? பயமாக இருக்கிறது.

கடன் தொகையை மட்டும் பார்க்காதீர்கள் அம்மா, எப்படித் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பாருங்கள். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையில் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், வேலை இல்லாதவரைத் துரத்துவதில்லை. மாதத் தவணை நிலையாக உள்ள கடன் அப்படி அல்ல, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேதி வந்துவிடும். படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறுமா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு, நடுவில் ஏற்றலாமா, உதவித்தொகை இரண்டாம் வருடமும் தொடருமா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

கேள்வி: தரவரிசை பார்த்துச் சேரலாமா?

சேரும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று பாருங்கள். அது அதிகம் சொல்லும்.

கேள்வி: இலவசமாக்குவது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. ஜெர்மனியில் 2005-இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்கள் கட்டணம் வசூலித்தன, மக்கள் எதிர்ப்பில் ஒவ்வொன்றாகக் கைவிட்டன, 2014-இல் கடைசி மாநிலமும் விட்டது. இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது: 1998-இல் 1,000 பவுண்டு, 2012-இல் 9,000 பவுண்டு வரை. அங்கே கட்டணம் ஏறிய அதே நேரத்தில் அரசு கற்பித்தல் மானியத்தைக் குறைத்தது, எனவே மாணவர் கூடுதலாகக் கட்டியதெல்லாம் கூடுதல் ஆசிரியராக மாறவில்லை. இலவசம் என்று அறிவித்துவிட்டு ஒரு மாணவருக்கான மானியத்தை உயர்த்தாவிட்டாலும் அதே கதிதான், வகுப்பில் கூட்டம் வழியும்.

கேள்வி: நான் ஒப்பந்த ஆசிரியர். நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே பாடம், விடுமுறை மாதங்களில் சம்பளம் இல்லை. நீங்கள் யாரும் எங்களுக்காகப் பேசுவதில்லை.

உங்கள் உழைப்பில்தான் பல துறைகள் ஓடுகின்றன. அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரை நம்பி எந்த மாணவர் இரண்டு வருட ஆய்வைத் தொடங்குவார்? உங்களுக்குச் செய்யும் அநியாயம் மாணவரையும் அடிக்கிறது. உங்களுக்குப் பேரவையில் வாக்குரிமை வேண்டும், பன்னிரண்டு மாதச் சம்பளம் வேண்டும். நிரந்தர ஆசிரியர் சங்கங்கள் தங்கள் ஊதிய உயர்வோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: மாணவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?

தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். மொத்தச் செலவில் கற்பித்தல் சம்பளம் எவ்வளவு, ஐந்து வருடம் முன்பு எவ்வளவு என்று பாருங்கள், பிற கட்டணத்தில் வசூலித்த ஒவ்வொரு தலைப்பும் அதற்கேதான் செலவானதா என்றும் பாருங்கள். அப்புறம் நிதிக்குழுவில் வாக்குரிமையுள்ள மாணவர் இடம், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆவணங்கள் என்று இரண்டு கோரிக்கை வையுங்கள். கட்டண உயர்வு அறிவித்த பிறகு போராடினால் பெரும்பாலும் தாமதம், வரைவு நிலையிலேயே கேட்க வேண்டும். கணக்கைப் படிக்கத் தெரியவில்லை என்றால் உங்கள் வணிகவியல் துறை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள், உட்கார்ந்து சொல்லித்தருவார்.