எடை சொல்லும் அசைவு

அன்புள்ள ஐயா,

கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானி கொண்டு புரதங்களை ஆராயும் குழு ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புரதத்தின் வடிவத்தை இப்போது ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளே கணித்துவிடுகிறது, எடை மட்டும் பார்க்கும் கருவியோடு காலம் கழித்தால் டெக்னீஷியனாகத்தான் ஆவாய் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சேரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

எடையைக் கொண்டு புரதத்தின் அசைவை அறியும் முறையைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே எண்ணியிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழிவிட்டது.

ஆல்ஃபாஃபோல்டைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை. 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த அரிய சாதனை அது; தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது பெரும்பாலும் தருவது அசையாத வடிவம். உடலுக்குள் புரதம் விரிகிறது, சுருங்குகிறது, பிறவற்றோடு ஒட்டுகிறது, விலகுகிறது.

கனநீர் என்பது ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட நீர். புரதத்தை அதில் இட்டால், புரதச் சங்கிலியின் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் அமைடு ஹைட்ரஜன்கள் கழன்று அவ்விடங்களில் டியூட்டீரியம் அமர்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடை ஏறத்தாழ ஒரு டால்டன், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையளவு, கூடுகிறது. தளர்ந்து ஆடும் பகுதிகளில் இது நொடிகளில் முடிந்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகக் கட்டுண்ட பகுதிகளில் மணிக்கணக்கில் இழுக்கும். மடித்த வேட்டியை மழையில் வைத்தால் வெளிமடிப்பு உடனே நனைந்து உள்மடிப்பு நெடுநேரம் உலர்ந்திருப்பதைப் போன்றது இது. பத்து நொடி, ஒரு நிமிடம், ஒரு மணி நேரம் என்று இடைவெளிவிட்டு மாதிரி எடுத்து, பி.எச். 2.5 அளவில் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருக்கும் கரைசலில் கலந்து மாற்றத்தை ஏறத்தாழ நிறுத்துகிறார்கள். அந்த அமிலத்திலும் வேலை செய்யும் பெப்சின் என்ற செரிமான நொதியால் புரதத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் எடைபோடுகிறார்கள். மருந்து வந்து ஒட்டியபின் எந்தத் துண்டு எடை ஏறத் தயங்குகிறதோ, அந்த இடத்தை மருந்து மறைத்திருக்க வேண்டும், அல்லது மருந்து ஒட்டியதால் அந்தப் பகுதி இறுகியிருக்க வேண்டும். இதையா 'எடை மட்டும்' என்று எழுதினீர்கள்?

ஆய்வகம் ஒன்றில் ஓர் இளம்பெண் இதைச் செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஐஸ் பெட்டியில் குழாய்கள் வரிசையாகக் குளிர்ந்திருந்தன. டைமர் ஒலித்த கணத்தில் பிப்பெட்டை அழுத்திக் கலந்து, குழாயைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினார். அதுவரை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சற்றுத் தாமதித்தாலும், குளிர் குறைந்தாலும், ஏறிய டியூட்டீரியம் கழன்று சாதாரண ஹைட்ரஜன் திரும்பிவந்துவிடும். நம் ஊர் மே மாத வெக்கையில் அந்தக் கவனம் எத்தனை அரியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

டெக்னீஷியன் என்று இளக்காரமாகப் பேசியவர்களை நீங்கள் மறுத்ததாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது எனக்கு வருத்தம் தந்தது. பிரிட்டிஷ் வேதியியலாளர் கரோல் ராபின்சன் 16 வயதில் பள்ளியை விட்டு ஃபைசர் நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, இதே நிறை நிறமாலைமானியில்தான் தொழில் கற்றார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். புரதக் கூட்டமைப்புகளைக் குலையாமல் வாயு நிலைக்குக் கொண்டுவந்து எடைபோடும் முறையை வளர்த்தெடுத்தார். கேம்பிரிட்ஜிலும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் வேதியியல் துறையின் முதல் பெண் பேராசிரியரானார். புரதங்களை இக்கருவியில் எடைபோட வழிகண்டு 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கோயிச்சி தனாகா, ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். முனைவர் பட்டம் பெற்றவரும் அல்லர். கையால் செய்யும் வேலையைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் ஆய்வகத்துக்குள் வரவே வேண்டாம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்றே நம்புகிறேன், அம்மா.

சேர்வதற்கு முன் அந்தக் குழுவிடம் ஒன்றைக் கேளுங்கள்: கருவியை நீங்களே இயக்க விடுவார்களா, அல்லது மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டுமா? காத்திருக்கச் சொன்னால் வேறு குழுவைத் தேடுங்கள்.