பழைய கம்ப்ரசர் எங்கே?

கேள்வி: வாரண்டியில் இருக்கும்போதே என் காரின் ஏசி கம்ப்ரசர் ஜாம் ஆனது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பார்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இதே காரை வேறு பெயரில் விற்கும் போட்டிக் கம்பெனியின் கவுன்டரில் கம்ப்ரசர் வாங்கி, வெளி மெக்கானிக்கிடம் மாட்டினேன். 26 நாளில் அதுவும் ஜாம். இப்போது ஏசிக்கே வாரண்டி கிடையாது என்கிறார்கள். எஸ்டிமேட் 41,000 ரூபாய். இரண்டும் ஒரே பொருள்தானே, இது மோசடி இல்லையா?

பதில்: ஒரே பொருளாகவே இருக்கட்டும். மாருதியின் பலேனோ 2019இல் டொயோட்டாவின் கிளான்சாவாகவும் வந்தது. ரெனோவின் டஸ்டரும் நிசானின் டெரானோவும் சென்னை அருகே ஒரகடத்தில் ஒரே ஆலையில் உருவானவை. இது ஊரறிந்த வியாபார ஏற்பாடு, மோசடியில் சேராது. மூன்று வாரக் காத்திருப்பு பற்றி நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

உங்கள் வழக்கு இரண்டாவது கம்ப்ரசரில் இல்லை, முதலாவதில் இருக்கிறது. அது ஜாம் ஆனபோது வெளியாள் யாரும் கை வைக்கவில்லை. அன்று சர்வீஸ் சென்டரில் போட்ட ஜாப் கார்டும் (வேலைப் பதிவுச் சீட்டு) அந்தப் பழைய கம்ப்ரசரும்தான் உங்கள் சொத்து.

பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான். பழையதை மெக்கானிக் காயலான் கடையில் போட்டிருப்பார். அது கையில் இருந்தாலும், ‘என்ன ஆச்சுன்னு பார்ப்போமே’ என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பிரித்த பொருளை ஆய்வகம் நம்பாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38இன்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியை சீல் வைத்து அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டு கம்ப்ரசரையும் பிரிக்காமல் கட்டி வையுங்கள்.

அடுத்து மெக்கானிக் பில். கம்ப்ரசர் ஜாம் ஆனால் உலோகத் துகள் கண்டென்சர் (ஏசி வாயுவைக் குளிர்விக்கும் பாகம்) வரை போய்விடும். லைனை ஃப்ளஷ் செய்து (உள்ளே கழுவி), ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, ஆயிலை அளவாக விடாவிட்டால் புதிதும் சில வாரத்தில் போகும். 26 நாள் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா. பில்லில் ஃப்ளஷ், டிரையர் இரண்டும் இருந்தால் தப்பித்தீர்கள். பில்லே இல்லையென்றால் இரண்டாவது கம்ப்ரசரை மறந்துவிடுங்கள். விற்ற போட்டிக் கம்பெனியையும் வழக்கில் இழுக்காதீர்கள். ‘மாட்டியவன் தவறு’ என்று சொல்ல இன்னொரு வக்கீல் வருவார், அவ்வளவுதான்.

வெளியில் வேலை பார்த்தாலே மொத்த வாரண்டியும் போகும் என்று நிபந்தனை போடக்கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் 25 உத்தரவு. 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது அதுதான். மேல்முறையீட்டுக்குப் போன உத்தரவு என்பதால் நோட்டீசில் குறிப்பிடுங்கள், அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள்.

ஆய்வு தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பில் வருடக் கணக்கு. 41,000 ரூபாய்க்கு அது கட்டாது. முதல் கம்ப்ரசரின் விலையும் கண்டென்சர் செலவில் பாதியும் கேட்டு கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ‘குட்வில்’ (நல்லெண்ணச் சலுகை) என்று பாதித் தொகை தந்தால்கூட வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே நீட்டும் ‘முழுத் திருப்தி’ தாளில், புது பார்ட்டுக்கான வாரண்டி தொடரும் என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு இழுத்தால், புகார் கொடுப்பதற்கான 2 வருடக் காலவரம்பைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சமரசம் பேசிக்கொண்டிருந்தோம் என்பதால் அது தானாக நீளாது.