எழுபது சென்ட் நிலத்தை விற்காதீர்கள், மகளைப் பொருளியல் படிக்க விடுங்கள்

திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். உரக்கடை வைத்திருப்பவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணிதப் பிரிவில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் நல்ல மார்க், இயற்பியலில் சுமார். கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்காது என்று தெரிந்ததும், பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமா சென்னைக்கு அருகே ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி முடித்துவிட்டார். அட்வான்ஸ் கட்டியாயிற்று. மீதிப் பணத்துக்கு ரோட்டோரம் இருக்கும் எழுபது சென்ட் நிலத்தை விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணோ பி.ஏ. பொருளாதாரம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "பி.ஏ. படிக்கவா இவ்வளவு மார்க் எடுத்தாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மனம், புரிகிறது. ஆனால் உங்கள் கவலைக்குக் காரணம் மகளின் படிப்பு இல்லை, சொந்தக்காரர்களின் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக எழுபது சென்ட் நிலத்தை விற்பது சரியில்லை. சீட்டுக்கென்று ரசீது இல்லாமல் கேட்கும் பணம் நன்கொடை. அதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். சட்டத்துக்குப் புறம்பான ஒரு தொகையைக் கொடுத்து, பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு படிப்பை வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு என்ன?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, நீங்கள் குறையாக எழுதியிருந்த ஒரு வரியை. "படிக்கிற நேரத்தில் பால் சொசைட்டியில் போய் நிற்கிறாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் முன்பு எத்தனை மாடு இருந்தது, இப்போது எத்தனை, ஏன் விற்றார்கள் என்று நோட்டு போட்டு எழுதுகிறாள்." கொழுப்புக்கும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான பால் திடப்பொருளுக்கும் தனித்தனியாகப் பார்த்து லிட்டருக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று செயலாளரிடம் கேட்டு வந்திருக்கிறாளாம். ஐயா, உங்கள் மகள் வீணாக நேரம் போக்கவில்லை. யாரும் சொல்லித்தராமலே பொருளியல் ஆராய்ச்சியின் முதல் படியைச் செய்துகொண்டிருக்கிறாள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-ல் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். தன் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும்போது அந்த ஊரையே ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, எத்தனை மாடு, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு என்று மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதிலிருந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரம், உங்கள் மாவட்டப் பக்கம்தான், பஸ் ஏறிப் போகிற தூரம். தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் எல்லாம் அதே வரிசை.

அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1930-களில் அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வை எடுத்துச் சென்றார்கள். பிறகு 1960-களில், 1980-களில் வேறு வேறு ஆய்வாளர்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குத் திரும்பப் போய் விசாரித்தார்கள். தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒரே ஊரின் கதை கையில் இருக்கிறது. பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாள் முறை எப்படி மறைந்தது, பெரிய வீட்டின் பிடி எப்படித் தளர்ந்தது, விவசாயக் கூலியை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் எப்படி வெளி வேலைக்கு நகர்ந்தன என்று ஊகமாகச் சொல்லாமல் கணக்கோடு சொல்ல முடிகிறது. உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இப்படிப்பட்ட பதிவு உண்டு. தொடங்கி வைத்தது லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்கள்.

சி.ஏ., பேங்க் தேர்வு, குரூப் தேர்வுகள் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் ஊரிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் என்னதான் செய்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பொருளாதாரம் என்றால் தேவை, அளிப்பு வரைபடத்தை மனப்பாடம் செய்து எழுதுவது என்றே நம் வீடுகளில் நினைக்கிறார்கள்.

ஒரு களஆய்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கேள்வி. "பால் விலை ஏறியும் மாடு ஏன் குறைகிறது?" என்பது நல்ல கேள்வி. அடுத்து, ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் பட்டியல் போட வேண்டும். பூட்டிய வீட்டையும், புறம்போக்கில் இருக்கும் குடிசையையும் விடக்கூடாது. அதிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுக்க வேண்டும். தெரிந்தவர் வீடு, திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கும் வீடு என்று போனால் ஆய்வு கெட்டது. பிறகு வினாப்பட்டியல். உண்மையான கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தேவை. "மாதம் எவ்வளவு வருமானம்?" என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அது சரியாக இருக்காது. எத்தனை நாள் வேலைக்குப் போனார், என்ன வேலை, கையில் எவ்வளவு வந்தது, அரிசியாக எவ்வளவு வந்தது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டு, நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாளுக்குக் கேட்கிறோம் என்பதுகூடப் பெரிய விஷயம். போன வாரம் எத்தனை முட்டை வாங்கினீர்கள் என்றால் அம்மாக்கள் சரியாகச் சொல்வார்கள். போன மாதம் என்றால் தடுமாறுவார்கள். துணிமணி, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் செலவு, அதை ஒரு வாரத்துக்குக் கேட்டு என்ன பயன்? அதனால்தான் 2022-23-ல் நடந்த தேசிய வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் காய்கறி, முட்டை, மீனுக்கு 7 நாள், அரிசி, பருப்புக்கு 30 நாள், துணி, படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு 365 நாள் என்று பிரித்தார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999-2000 ஆய்வு சாட்சி. உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டுவிட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இந்தியாவில் வறுமை எவ்வளவு குறைந்தது என்று அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிய பெரிய பொருளியலாளர்கள் வாதாட வேண்டியதாயிற்று. ரேஷனில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் இடங்களுக்குப் போகிற எண்கள் இவை.

இப்போது தாய்மாமாவின் 'டேட்டா சயின்ஸ்' விஷயத்துக்கு வருவோம். 2022-23 ஆய்வில் விவரம் சேகரித்த வீடுகள் 2,61,746. கிராமங்களில் 1,55,014, நகரங்களில் 1,06,732. பெயர், முகவரி நீக்கிய அந்த விவரம் முழுவதையும் மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதைப் பிரித்துப் பார்க்க 'ஆர்' என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். பொருளியல் துறையில் எம்.ஏ. மாணவர்கள் பழகுவது இதைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலுக்கு ஒரு துறை, பொருளியல் அளவையியலுக்கு, அதாவது புள்ளியியலைக் கொண்டு பொருளாதார விவரங்களை அளந்து ஆராயும் எக்கனாமெட்ரிக்ஸுக்கு, தனியாக ஒரு துறை என்று இரண்டு இருக்கின்றன. மாமா ஆசைப்படுகிற டேட்டாவும் கணினியும் இங்கேயும் உண்டு. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வாள்.

பி.ஏ. மட்டும் போதாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கைடு வாங்கிப் படித்துவிட்டு வருகிற பி.ஏ.வுக்கு வெளியில் பெரிய மதிப்பு இல்லை. எம்.ஏ. வரை போயே ஆக வேண்டும், அதுவும் நல்ல இடத்தில். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கணிதம் கலந்த பொருளியல் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. நுழைவுத் தேர்வில் தேறியவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காமல், மாதா மாதம் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்துவரும் நிறுவனம் அது. மும்பையில் ரிசர்வ் வங்கி 1987-ல் தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. சென்னையிலேயே, கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், முனைவர் பட்டத்துக்கு.

இந்த நுழைவுத் தேர்வுகளில் கணிதம் பலமாக வரும். நுண்கணிதம், நிகழ்தகவு, அணிகள் எல்லாம் உண்டு. ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்தவள் என்பதால்தான் நான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். கணக்கைக் கண்டு ஓடுகிற பிள்ளையாக இருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன். பி.ஏ.வில் சேர்ந்த பிறகு கணக்கை மறந்துவிடக் கூடாது. துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ இருக்கிற கல்லூரியாகப் பாருங்கள்.

எம்.ஏ.வுக்குப் பிறகு யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு பொருளியல் முதுகலைப் பட்டதாரிகளுக்கென்றே உள்ளது. 21 வயதிலிருந்து 30 வரை எழுதலாம், பிரிவுக்கேற்ற தளர்வும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஆனால் அதற்கு உட்கார்கிறவர்களும் லட்சக்கணக்கில் இல்லை. ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சித் துறைக்கும் தனியாக ஆள் எடுக்கிறார்கள். ஏழைகளுக்கான திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று களத்தில் சோதித்துப் பார்ப்பவர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். 2019-ல் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து அதற்காகவே நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுடைய ஜே-பால் அமைப்பு தமிழக அரசோடு 2014 முதல் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் தமிழில் கிராமத்துப் பெண்களிடம் இயல்பாகப் பேசி விவரம் வாங்கத் தெரிந்த பெண்ணுக்கு நல்ல மதிப்பு உண்டு. இங்கிலீஷ் வராது என்பது உங்கள் அடுத்த பயம். முதல் இரண்டு செமஸ்டர் திணறுவாள். தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்து, ஒரு பத்தி சொந்தமாக எழுதச் சொல்லுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கப்போவதில்லை. புராஜெக்ட் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்தான், முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். முனைவர் பட்டம் ஐந்தாறு வருடம் இழுக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. இருபத்து மூன்று வயதில் கல்யாணம் என்று வீட்டில் யாராவது தேதி குறித்து வைத்திருந்தால், அந்தப் பேச்சை இப்போதே நிறுத்துங்கள்.

செலவைப் பற்றி நான் கறாராகச் சொல்வேன். அரசுக் கல்லூரி அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி, அவ்வளவுதான். "எக்கனாமிக்ஸ் ஆனர்ஸ்" என்று பளபளப்பாக விளம்பரம் செய்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் பல்கலைக்கழகம் எதையும் மாமா கொண்டு வந்தால், அதற்கும் என் பதில் இதே 'வேண்டாம்'தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் ஒதுக்கி, மகளோடு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பொருளியல் துறைக்குள் போய், போன வருடத்து இறுதியாண்டு புராஜெக்ட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். நாலைந்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே முன்னுரை, ஒரே அட்டவணை, ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தால் அவை ஜெராக்ஸ் கடையில் விலைக்கு வாங்கியவை. அந்தத் துறை வேண்டாம். பின்னிணைப்பில் மாணவர் தாமே தயாரித்த வினாப்பட்டியல் இருந்து, உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு சந்தையோ சொசைட்டியோ அதில் வந்திருந்தால், அங்கே ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் மகளின் மாட்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

மைத்துனரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். "அவள் கணக்கும் பொருளியலும் படித்து ஆராய்ச்சிக்குப் போகிறாள், நிலம் அவள் பேரில் இருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் அவரிடம் பேச வேண்டியவள் மகள், பேசவும் தெரிந்தவள் என்றே உங்கள் கடிதம் சொல்கிறது.

கட்டிய அட்வான்ஸைப் போனால் போகட்டும் என்று விடாதீர்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. இந்த வாரமே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ரசீதின் நகலை இணையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். அடுத்து யாருக்குப் புகார் எழுதுவது என்று நான் சொல்கிறேன்.