மலையேற்றப் பையின் ‘அடிப்படை எடை’ என்றால் என்ன? அதை எப்படிக் குறைப்பது?

உணவு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பையில் மிஞ்சும் எடைதான் அடிப்படை எடை. அந்த மூன்றும் வழியில் தீர்ந்துகொண்டே வரும். மற்றவை கடைசி அடிவரை முதுகிலேயே இருக்கும். அதனால்தான் தனிக் கணக்கு. 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு, 4.5 கிலோவுக்குள் என்றால் மிக இலகு என்பது பரவலான வழக்கம்.

சென்னையில் 20 லிட்டர் தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்குச் சுமந்தவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். ஒவ்வொரு படியிலும் அந்த 20 கிலோவைக் கால்கள் புதிதாகத் தூக்குகின்றன. மலையில் அப்படி ஆயிரக்கணக்கான அடிகள். இறங்கும்போது முழங்கால்தான் அத்தனையையும் தாங்குகிறது.

கூடாரம், தூக்கப் பை, முதுகுப் பை இவற்றில்தான் எடை குவிந்திருக்கும். முதலில் அங்கே குறையுங்கள். அடுத்தது உடை. நாகலாபுரம் மலைக்குக் கிளம்புமுன் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். மாற்று உடையாக வைத்திருந்த ஜீன்ஸ் மட்டும் 700 கிராம்! ஓடையில் நனைந்தால் இன்னும் கனக்கும், எளிதில் காயாது. அன்றே அதை எடுத்துவிட்டு மெல்லிய பாலியெஸ்டர் கால்சட்டைக்கு மாறினேன்.

எடையைக் குறைப்பது என்றால் தண்ணீரைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நம் பக்கத்து வெயிலில் தண்ணீர், முதலுதவிப் பொருள்கள், டார்ச் ஆகியவற்றில் கைவைக்கவே கூடாது.