ஒன்றரை மாச பாப்பாவுக்கு கொசு க்ரீம் தடவலாமா?

சிஸ்டர், அம்மாபேட்டைல பகல்லயே கொசு கடிக்குது, ஒன்றரை மாச பாப்பாவுக்கு க்ரீம் தடவலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க, 2 மாசம் முடியற வரைக்கும் எந்த கொசு க்ரீமும் தடவக்கூடாது, யூகலிப்டஸ் எண்ணெய் தடவுன்னு பெரியவங்க சொன்னாலும் கேக்காதீங்க. தொட்டில முழுசா மூடி வலை போடுங்க, பாப்பா கை கால் வலைல ஒட்டாம பாத்துக்கங்க, ஒட்டுனா வெளிய இருந்தே கடிச்சிரும். பகல் தூக்கத்துக்கும் போடணும், டெங்கு கொசு பெரும்பாலும் பகல்லதான் கடிக்கும். கொசுவத்தி புகை வேண்டவே வேண்டாம். அப்புறம் நம்ம ஊர்ல தண்ணி புடிச்சு டிரம்முல வெப்போம்ல, அங்கதான் அது முட்டை போடுது, வாரம் ஒருதடவ காலி பண்ணி உள்பக்கம் நல்லா தேய்ச்சு கழுவுங்க, முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும், சும்மா தண்ணிய கொட்டுனா போகாது. இந்த வயசுல காய்ச்சல் அடிச்சா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.